சியோல் பயணம்: ஞாயிறு இரவுக்குள் பெயர் கொடுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. டிசம்பர் பள்ளி விடுமுறையில் சியோல் போவது உறுதி. வியாழன் இரவு கேஎல்ஐஏவில் (கோலாலம்பூர் விமான நிலையம்) ஏறினால் வெள்ளி காலை சியோலுக்குப் பக்கத்திலுள்ள இஞ்சோன் விமான நிலையம். ஞாயிறு திரும்புகிறோம்.

முதலில் குளிர். கேமரன் மலைக்குப் போடும் ஸ்வெட்டர் அங்கே காணாது. டிசம்பர் இரவில் சியோல் பூஜ்யத்துக்கும் கீழே போகும். உடம்போடு ஒட்டிய உள்சட்டை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். ரயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர் இருப்பதால் சட்டென்று கழற்ற இதுதான் வசதி. கையுறையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம். “ஹுடி போதும்மா” என்று பிள்ளைகள் சொன்னால் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றபடி, திட்டத்தைப் பிள்ளைகளே போடட்டும். பதினைந்து வயதுப் பிள்ளையை நாள் முழுக்க இழுத்துக்கொண்டு அலைந்தால் முகம் தொங்கிவிடும். கியோங்போக்குங் அரண்மனைக்கு ஹன்போக் (கொரியப் பாரம்பரிய உடை) உடுத்திப் போனால் நுழைவு இலவசம், படம் எடுக்க அவர்களே ஓடுவார்கள். (செவ்வாய்தான் அங்கே விடுமுறை, நமக்குப் பிரச்சினை இல்லை.) காலையில் நன்றாகத் தூங்கட்டும். பசியாறிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பலாம். சனி மாலை மியோங்டோங் கடைத்தெரு முழுக்க அவர்களுக்கே.

சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கே காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும், கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயிலும் பெரும்பாலும் இறாலோ மீனோ சேரும். சியோலின் இன்சாடோங் பகுதியில் பௌத்த கோயில் உணவுக் கடைகள் உண்டு, அங்கே ஒரு வேளை எல்லோருமே சாப்பிடலாம்.

பெரியவர்கள் கே-இடிஏ என்ற கொரிய இணையப் பயண அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நடந்து போக கூகள் மேப் அங்கே சரிவராது, நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை இறக்கி வையுங்கள்.

எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன என்று இங்கேயே போடுங்கள். திங்கள் காலை டிக்கெட் எடுக்கிறேன்.