மேகன்ஸும் மரோத்தாவும்

பொறையாறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். உன் கட்டுரைக்குப் பொருளான, கிரியோல் மொழிக்கு இலக்கணம் எழுதிய மேகன்ஸைப் பற்றி நீ போனில் பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியைத் துருவித் துருவிப் படித்தேன். கட்டுரையைப் பேராசிரியரிடம் கொடுக்கும் முன் இந்தக் கிழத் தமிழாசிரியன் சொல்வதையும் கேட்டுவிடு.

அந்த மனிதரின் உழைப்பு பெரிதுதான், மறுக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் டேனியர் ஆண்ட செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் மூன்றிலும் புழங்கிய டச்சு கிரியோலுக்கு, அதாவது டச்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழிக்கு, 1770-இல் இலக்கணம் அச்சிட்டார். உலகில் எந்தக் கிரியோலுக்கும் அதற்கு முன் அச்சில் இலக்கணம் வந்ததில்லை. முகப்பில் பெயர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. செயின்ட் தாமஸில் பிறந்த ஒருவர் தொகுத்தது என்பதோடு சரி. ஆனால் லத்தீன் இலக்கணச் சட்டையைத்தான் அந்த மொழிக்கும் மாட்டப் பார்க்கிறார். நானா நீயா அவளா என்று பார்த்து விகுதி மாறாத வினைச்சொல் அது. முன்னால் ஒரு ‘கா’ வந்தால் முடிந்த செயல், ‘லோ’ வந்தால் நடக்கிற செயல். நம் பிள்ளைகள் வினைமுற்றில் படும் பாட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது!

ஆனால் அம்மா, அவர் கரும்புத்தோட்ட முதலாளி வர்க்கம். அரசுப் பதவியும் வகித்தவர். அந்த மொழியை உருவாக்கியவர்களோ அதே தோட்டங்களில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். அவருக்கு 18 வயது ஆனபோது, 1733-இல், செயின்ட் ஜான் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பல மாதங்கள் தீவைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வந்துதான் அடக்க முடிந்தது. உன் வரைவில் இது ஒற்றை வரியில் போய்விடுகிறது.

நம் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும் டேனிய அரசர் அனுப்பியவர்தான். அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். தமிழ் கற்க உதவிய அழகப்பனைக் கடிதங்களில் குறிப்பிட்டார். தமிழுக்கு அவர் வராவிட்டாலும் தொல்காப்பியம் இருந்தது. அந்தத் தீவு மக்களின் பேச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் மேகன்ஸின் புத்தகத்துக்கு இவ்வளவு மதிப்பு. அதனால்தான் எனக்கு இவ்வளவு உறுத்தலும்.

நீ விட்டுவிட்ட ஒருத்தி இருக்கிறாள்: மரோத்தா. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் போப்போவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பிற்காலத்தில் விடுதலை பெற்று, மொராவியச் சபை என்ற கிறிஸ்தவ சபையில் மூப்பியாக, அதாவது பெண் மூப்பராக, இருந்தவள். திருமுழுக்குப் பெயர் மக்தலேனா. தோட்ட முதலாளிகள் சபையாரை அடித்தும் சிறையில் தள்ளியும் துன்புறுத்தியபோது, 1739-இல் டென்மார்க் அரசி சோபியா மக்தலேனாவுக்கு நேராகவே கடிதம் எழுதினாள். 250-க்கும் மேற்பட்ட பெண்கள் சார்பில். முதலில் தன் தாய்மொழியில். கூடவே கிரியோல் வடிவமும் போயிற்று. ஊரில் இருந்தபோது எங்கள் கடவுளை வணங்கினோம், இங்கு வெள்ளையர் நாட்டுக்கு வந்த பின் ஆண்டவரைத் தொழவே விடமாட்டேன் என்கிறார்கள் என்று முறையிடுகிறாள். மேகன்ஸின் இலக்கணத்துக்கு 31 ஆண்டு முன்பு! அரசிக்கே மனு எழுதும் தெம்பு அந்த மொழிக்கு அப்போதே வந்துவிட்டது. உன் கட்டுரை அவளிலிருந்து தொடங்கட்டும். மேகன்ஸ் இரண்டாம் இயலுக்குப் போகட்டும். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

1781-இல் மேகன்ஸ் அந்தக் கிரியோலில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள். அதற்குள் தீவுகளில் ஆங்கிலம் பரவத் தொடங்கியிருந்தது. 1848-இல் அடிமைத்தனம் ஒழிந்தது. 1917-இல் டென்மார்க் அந்தத் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. தரங்கம்பாடியை 1845-இலேயே ஆங்கிலேயரிடம் விற்றாயிற்று. விற்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தக் கிரியோலைக் கடைசியாகப் பேசிய மூதாட்டி 1987-இல் காலமானார்.

மரோத்தாவின் கடிதம் அச்சில் வந்த பக்கத்தின் நகல் அங்கே நூலகத்தில் கிடைத்தால் எனக்கு அனுப்பு. பல்கலைக்கழகப் பணம் இன்னும் வரவில்லை என்றால் தயங்காமல் சொல், வைப்புத்தொகையில் இருக்கிறது. பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா