தகரம் மாற்றுவதற்கு முன்

கிளிநொச்சி,
ஆவணி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. சிறுபோக நெல்வெட்டு, அதோடு ஆவணிக் கலியாணங்கள். கமராவைத் தோளிலிருந்து இறக்க நேரமில்லை. அம்மா சுகம், முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை. உன் மகள் வயலின் பழகுகிறாள் என்றதும் அவவுக்குச் சரியான சந்தோசம்.

இங்கே ஒரு புதினம். அக்காவின் மகனும் கூட்டாளிகள் மூவரும் ஒரு ரொக் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். நல்ல தமிழ், இரைகிற கிட்டார், நாலு நிமிடம். கேட்டபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. "வீடியோ நீங்கள்தான் எடுக்க வேண்டும் மாமா" என்று நிற்கிறார்கள். அதனால் ஒரு மாதமாக இரவில் ரொக் வீடியோக்களைப் பாடம்போலப் பார்க்கிறேன்.

முதல் தரம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். காட்சி மாறுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் கொப்பியில் ஒரு கோடு. பிறகு சத்தத்தோடு பார்த்து, அந்த வெட்டு தாள அடியில் விழுகிறதா, சொல்லில் விழுகிறதா என்று குறிப்பேன். வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவுக்காக 2003இல் மிஷெல் கோன்ட்ரி எடுத்த 'ஹார்டெஸ்ட் பட்டன் டு பட்டன்' பார். ஒவ்வோர் அடிக்கும் இன்னொரு டிரம்ஸ் முளைக்கிறது. அதற்கென்று 32 டிரம்ஸ் பிடித்தார்களாம். ஆனால் யோசனை ஒன்றே ஒன்றுதான், அதைக் கடைசிவரை விடவில்லை. ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் 'பாஸ்டர்ட்ஸ் ஒப் யங்' இன்னும் துணிச்சல். கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கமரா மெல்லப் பின்வாங்குகிறது, முடிவில் ஒருவன் எழும்பி அதை உதைக்கிறான். அவ்வளவுதான். என்னால் கண்ணெடுக்க முடியவில்லை.

பெடியளின் முதல் திட்டத்தில் இரணைமடுக் குளக்கட்டு, யாழ்தேவி ரயில், பனங்கூடல், நந்திக்கடல் எல்லாம் இருந்தன, ட்ரோனும் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் முகம் வாடினார்கள்.

என்னைப் பிடித்தது குயின் குழுவின் 'பொஹிமியன் ரப்சடி'. 1975இல் ஏறக்குறைய நாலு மணித்தியாலத்தில் எடுத்தது. இருட்டுக்குள் நாலு முகம், மேலிருந்து வெளிச்சம். அதைப் பார்த்ததும் பெரியப்பாவின் நெல்லுக் கொட்டில் நினைவுக்கு வந்தது. மீளக்குடியேறிய வருடம் பொறுக்கிச் சேர்த்துப் போட்ட தகரங்கள் இன்னும் அதில்தான் கிடக்கின்றன. நீயும் நானும் சாக்கில் படுத்துக்கொண்டு அந்தத் துப்பாக்கிச் சன்ன ஓட்டைகளை எண்ணியிருக்கிறோம்.

போன ஞாயிறு பத்தரைக்கு மருமகனை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். ஒரு சாக்கை உதறினேன். உமித்தூசி எழும்ப, ஓட்டைக்கு ஒன்றாக வெளிச்சம் கயிறுபோல இறங்கியது. ஒன்று அவன் நெற்றியில், ஒன்று கிட்டார்த் தந்தியில். கால் மணித்தியாலத்தில் நெற்றியில் நின்றது கன்னத்துக்கு வந்துவிட்டது. நான் கமராவை எடுக்க மறந்து நின்றேன்.

தூசி மெதுவாக மிதக்க வேண்டும், ஆனால் வாய் பாட்டோடு பொருந்த வேண்டும். ரேடியோஹெட் குழுவின் 'நோ சர்ப்ரைசஸ்' எடுத்தபோது, பாடகரின் தலைக்கூண்டில் தண்ணீர் நிறைகிற இடத்தில் பாட்டை வேகமாக ஓடவிட்டு, பிறகு படத்தை மெதுவாக்கினார்கள். அதே வழிதான் நமக்கும். பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, விநாடிக்கு 50 சட்டம் (பிரேம்) எடுத்து 25இல் ஓட்டினால் சரி. ஆனால் இரட்டை வேகத்தில் பெடியள் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்றும் யோசித்தேன். கூரையைக் காட்டினால், பார்க்கிறவர்கள் ஓட்டைகளைத்தான் பார்ப்பார்கள், இவர்களின் பாட்டு பின்னுக்குப் போய்விடும். இந்தப் பெடியள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். பாட்டு ஒரு பெட்டையைப் பற்றியது. ஆகவே கமரா மேலே திரும்பாது. வெளிச்சம் மட்டும் வரும். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன் சொல்லுக்காகத்தான் இதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

நாள்தான் குறைவு. காலபோக நெல் வருமுன் கொட்டிலைத் திருத்தப் பெரியப்பா புதுத் தகரம் வாங்கி வேலியோரம் அடுக்கிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன் ஏற்றிவிடுவார். புரட்டாதி முதல் ஞாயிறுவரை தவணை கேட்டிருக்கிறேன். சனி இரவு மட்டக்களப்பில் பஸ் ஏறு. அந்த இரட்டை வேகத்தில் பெடியளுக்குத் தாளம் பிடித்துக் கொடுக்க நீதான் வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்