இரவல் வாங்கியவர்களின் நன்றி மடல்

சேலம் மாநகரிலும் சேர்வராயன் மலையிலும் எங்கள் நாடகங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

சேலத்தில் குகை என்னும் பகுதியில் ஒரு பெரியவர் தம் வீட்டு மாடியறையைப் பல ஆண்டுகளாக வாடகை வாங்காமல் எங்கள் சாமான்களுக்கு விட்டுவைத்திருந்தார். அந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவிருப்பதால், சென்ற மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைக் காலி செய்தோம். மடித்துக் கட்டிய படுதாக்கள், துணி ஒட்டிய தட்டிகள், டோப்பாக்கள் நிறைந்த ஒரு தகரப்பெட்டி, இரண்டு தராசுகள், ஒரு சாய்வு நாற்காலி, எண்ணற்ற செம்புகள் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பட்டியல் எழுதியபோதுதான், எங்கள் பணத்தில் வாங்கியவை எத்தனை குறைவு என்பது உறைத்தது. செம்புகளின் கழுத்தில் யார் யார் வீட்டுக் கல்யாணத்து எழுத்துகளோ பொறித்திருந்தன. அரசவைக் காட்சிக்கென்று கொண்டுவந்த முக்காலியின் அடியில் ஒரு பஜனை மடத்தின் எண் இருந்தது. இரவல் வாங்கியதைத் திருப்பித் தராமல் நன்றி மட்டும் சொல்வது முறையாகாது என்பதால், இம்மடலை நன்றியாகவும் மன்னிப்புக் கோரலாகவும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இதில் ஒருவர் பெயரையும் குறிப்பிடவில்லை. நாங்கள் கேட்டவர்களில் பலர், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு, ஒருவர் பெயரைப் போட்டு அடுத்தவரை விட்டுவிட்டால் ஏற்படும் மனத்தாங்கல் எப்படிப்பட்டது என்பதை, ஒரே ஒரு முறை அழைப்பிதழில் தபேலாக்காரர் பெயரை விட்டுவிட்டு அறிந்துகொண்டோம். செய்த காரியத்தைச் சொன்னால் செய்தவருக்குத் தெரியும்.

1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர் அவர். பிழைப்புக்கு ஒரு வேலையும் ஆசைக்கு நாடகமும் என்று வாழலாம் என்பதைத் தமிழ்நாட்டுக்கு வாழ்ந்து காட்டியவர். எங்கள் குழுவிலும் உருக்காலைத் தொழிலாளி, வங்கி ஊழியர், ஜவ்வரிசி ஆலைக் கணக்கர், செவிலியர், பள்ளி ஆசிரியர்கள் என்று எல்லோரும் மாலை ஏழு மணிக்கு மேல்தான் நடிகர்கள். ஆகவே முதல் நாடகமாக அவருடைய ‘சபாபதி’யையே எடுத்துக்கொண்டோம். எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் இருக்கும் அந்த வேடிக்கை நாடகத்துக்குப் பணக்கார வீட்டுக் கூடம் ஒன்று வேண்டியிருந்தது. மேலே சொன்ன சாய்வு நாற்காலி அப்போது வந்ததுதான். கொடுத்த அம்மையார், “மாமனார் உட்கார்ந்த நாற்காலி, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னார். இரண்டாம் காட்சியில் எசமான் உட்கார்ந்ததும் அதன் பிரம்பு கிழிந்து அவர் உள்ளே இறங்கிவிட்டார். அதுவும் நாடகத்தின் பகுதி என்று நினைத்துச் சபை கைதட்டியது. பிரம்பை மாற்றிவிட்டுத் தரலாம் என்று வைத்திருந்தது இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டது. இப்போது புதுப் பிரம்பு பின்னி வைத்திருக்கிறோம்.

கண்ணகி கதையை எங்கள் குழுவே எழுதி மேடையேற்றியபோது ஏற்பட்ட சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாண்டியன் அவையில் சிலம்பு உடைய வேண்டும். கடையில் வாங்கிய அலங்காரச் சிலம்பு ஒத்திகையில் தரையில் பட்டுத் துள்ளிப் போய் அரசியின் மடியில் விழுந்தது. மண்ணில் செய்து வண்ணம் பூசிய சிலம்பு, கண்ணகி வாயைத் திறப்பதற்குள் கையிலேயே நொறுங்கியது. கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போய் நின்றோம். தீபாவளி நெருக்கத்தில், பட்டறையில் உட்கார இடமில்லாத நேரம் அது. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நிஜமாகவே உடைய வேண்டுமா, உடைந்ததுபோல் தெரிந்தால் போதுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை எங்களில் யாரும் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் மெல்லிய பித்தளைத் தகட்டில் உள்ளே வெற்றிடமாக இரண்டு அரைவட்டங்கள் அடித்து, வெள்ளி முலாம் பூசி, இரு முனைகளிலும் அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஓங்கி எறிந்தால் அரக்கு விட்டுப் பரல்கள் சிதறும், சிலம்புக்குச் சேதமில்லை. மறுநாள் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். பரலுக்கு நாங்கள் பொடிக் கண்ணாடி மணிகளை எடுத்துப் போயிருந்தோம். அவர் அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டார். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம், வழக்கு முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஆகவே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சிவப்பு தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். பெரிய சிவப்புக் கற்களாக நாற்பது தந்தார். கூலி எவ்வளவு என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை எங்கள் குழுவில் இன்றும் சொல்லிச் சிரிப்போம்: “அந்தக் காலத்தில் எங்கள் தொழில்காரன் ஒருவன் செய்த திருட்டால்தானே அந்த அம்மாவுக்கு இவ்வளவும் வந்தது? இது அதற்கு ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் சிலம்பை எடுத்துப் போய் ஒட்டித் தந்ததும் அவரேதான். நாடகத்தை ஒரு முறை வந்து பார்த்தார். கண்ணகியின் நடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அரக்கு வைத்த இடத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்ததால் சூடேறி ஒட்டு இளகுகிறது என்று மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நிகழ்ச்சியில் எங்கள் கண்ணகி சிலம்பைப் பிடித்த முறை மாறியது. கை உயர்ந்து, விரல்கள் விலகி, சிலம்பு முழுவதும் சபைக்குத் தெரிந்தது. இயக்குநர் பல வாரங்கள் சொல்லியும் வராத அந்தக் கை, அரக்கு இளகிவிடுமே என்ற கவலையில் வந்தது.

சிதறிய கற்கள் மேடையிலிருந்து உருண்டு முன்வரிசைக்குப் போகும். தரையில் உட்கார்ந்து பார்த்த சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறை வாசலில் வரிசையாக நின்று எண்ணிக் கொடுப்பார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தபோது முப்பத்தொரு கற்கள் இருந்தன. நாற்பதில் ஒன்பது குறைந்ததை இழப்பாக நாங்கள் எழுதவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி. அவர்களில் சிலர் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

உடைகளைப் பொறுத்தவரை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி நெசவாளர்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. சேலத்து வெண்பட்டு வேட்டியைக் காசு கொடுத்து வாங்கி மன்னருக்கு உடுத்தும் நிலையில் நாங்கள் இருந்ததில்லை. ஊடை பிசகியதாலோ கரை சற்று விலகியதாலோ விற்பனைக்கு ஒதுக்கியவற்றை எங்களுக்கென்று எடுத்துவைத்தார்கள். பிசகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் உள்மடிப்பில் வரும்படி எப்படிக் கட்டுவது என்பதையும் அவர்களே கற்றுத் தந்தார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தை எடுத்தபோது எங்கள் தகுதிக் குறைவு வெளிப்படையாகத் தெரிந்தது. 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அந்த நாடக ஆசானின் பாடல்களுக்குத் தொண்டையும் மூச்சும் வேண்டும். வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தை, தொழில்முறை நடிகர்கள் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி வளர்த்துக்கொண்டே போவார்கள். எங்கள் வள்ளி எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு சொல் பேசப் பயந்தார். மேட்டூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தெருக்கூத்து வாத்தியார், இரவு முழுக்கப் பாரதக் கூத்தாடிவிட்டுக் காலைப் பேருந்தில் கண் சிவக்க வந்து, ஐந்து வாரங்கள் எங்களுக்குப் பயிற்சி தந்தார். மைக்கை அணைத்துவிட்டுப் பேசச் சொல்வார். கடைசி வரிசையில் தாமே போய் உட்கார்ந்துகொண்டு, கேட்கவில்லை என்றால் துண்டை உதறிக் காட்டுவார். எங்கள் பாட்டு அவருக்குக் கடைசிவரை திருப்தியில்லை. அதை மறைக்கவும் இல்லை. அந்த நேர்மைக்கும் சேர்த்து அவருக்கு வணக்கம்.

ஒப்பனைக்கு வந்த முதியவர், சிறுவயதில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்புத் தளத்தில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். இருபத்து நான்கு வயதுப் பையனின் முகத்தில் அரைமணி நேரத்தில் எழுபது வயதைக் கொண்டுவந்து நிறுத்தும் அந்தக் கைகள், காட்சி முடிந்ததும் அதே பையனின் முகத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் விடும்.

ஏற்காட்டுப் பயணத்தை மறக்க முடியாது. கோடை விடுமுறையில் ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் கண்ணகி நாடகத்தைப் போட அழைத்திருந்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தட்டிகள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு பாறையில் உரசாமலிருக்க, ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார். திறந்தவெளியில் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கயிறு கட்டிப் படுதாவைத் தொங்கவிட்டார்கள் குடியிருப்பு இளைஞர்கள். மதுரை எரியும் காட்சி தொடங்கியபோது மலையிலிருந்து பனி இறங்கி மேடைக்குள் புகுந்தது. சிவப்பு விளக்கில் அது உண்மையாகவே புகைபோலச் சுழன்றதைக் கண்டு சபை எழுந்து நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பனி அடர்ந்து, கண்ணகியும் மதுரையும் சேர்ந்தே மறைந்துவிட்டன. மீதி நாடகத்தைக் குரலாலேயே முடித்தோம். ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்ட அந்த இரவில், முப்பது பேருக்குக் கம்பளியும் கடுங்காப்பியும் ராகிக் களியும் தந்த வீடுகள் எவை எவை என்று இருட்டில் எங்களால் அடையாளம் வைத்துக்கொள்ள முடியவில்லை. தட்டிகளுக்கிடையே சிக்கி எங்களோடு இறங்கிவந்த கம்பளிகள் மூன்று, துவைத்து மடித்த நிலையில் இருக்கின்றன.

அரங்குகள் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு திருமண வரவேற்புக்காக எங்களை வெளியேற்றிய அரங்கும் உண்டு. அன்று ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் தம் பள்ளிக் கூடத்தைத் திறந்துவிட்டு, பெஞ்சுகளைத் தாமும் சேர்ந்து தூக்கினார். எங்கள் குழுவின் மூத்தவர்கள் இளமையில் நடித்த காலத்தில், 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்கீழ் பிரதியைக் காவல்துறையிடம் தந்து அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டத்தின் சில பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதவை என்று அறிவித்தபோது அவர்கள் இனிப்பு வழங்கினார்கள். ஒலிபெருக்கி அனுமதிக்கான மனுவை எங்களுக்கு மூன்று முறை திருத்தி எழுதித் தந்த காவல் நிலைய எழுத்தருக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

பக்கத்தட்டிக்குப் பின்னால் அமர்ந்து வசனம் எடுத்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் குரல், சில இரவுகளில் நடிகரின் குரலைவிடத் தெளிவாகச் சபைக்குக் கேட்டது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பாடம் பண்ணாமல் வந்தவர்கள் நாங்கள். ஒத்திகை நேரங்களில் எங்கள் கண்ணகியின் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கடைசிப் பேருந்து வரை வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய மாமியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பால் குடிக்கும் குழந்தை இருக்கும்போது நாடகம் எதற்கு என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பையும் அந்த அம்மாவே எடுத்துக்கொண்டார். கோவலன் நன்றாக நடிக்கவில்லை என்றும் அவரே எங்களிடம் சொன்னார்.

இனிப் பொருட்களைப் பற்றி. வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அதே குகை வீட்டின் கீழ்த்தளத்தில் அனைத்தையும் வரிசையாக வைத்திருப்போம். செம்புகளில் உள்ள எழுத்தைப் பார்த்து எடுத்துச் செல்லலாம். சாய்வு நாற்காலியையும் முக்காலியையும் கம்பளிகளையும் நாங்களே கொண்டுவந்து சேர்ப்பிக்கிறோம். உரியவர் தெரியாமல் ஒரே ஒரு பொருள் எஞ்சியிருக்கிறது. சிவப்புக் கற்கள் இருந்த பெட்டியின் அடியில், ஒரு குழந்தையின் காலுக்கான ஒற்றை வெள்ளிக் கொலுசு கிடந்தது. கல் பொறுக்க ஓடிவந்த ஏதோ ஒரு சிறுமியின் காலிலிருந்து கழன்று, கற்களோடு சேர்ந்து பெட்டிக்குள் வந்திருக்க வேண்டும். அதன் இணையை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டினால், வேறு எதுவும் கேட்காமல் கொடுத்துவிடுவோம்.

இங்ஙனம்,
குழுவினர் சார்பில் செயலாளர்,
சேலம்.