எந்தத் துறை என்றும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஐரோப்பிய ஒன்றியம் கெடுபிடி’ என்று ஒரே வரியில் செய்தி போடுகிறீர்கள். எந்தத் துறை என்பதையும் சேர்த்துப் போட்டால், இறால் தொழிலை நம்பியிருக்கும் எங்களுக்குப் பேருதவி.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான, பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம், நம் அமைச்சகங்களைப் போலத் தலைமை இயக்குநரகங்கள் என்ற துறைகளாகப் பிரிந்து வேலை செய்கிறது. பண்ணை இறாலில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருக்கிறதா என்ற கேள்வி சுகாதாரம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. அந்தத் துறையின் தணிக்கைப் பிரிவு இருப்பதோ அயர்லாந்தில். கடலில் பிடித்த மீன் என்றால், முறைப்படி பிடித்ததா என்று கேட்பது மீன்வளத் துறை. வரிச் சலுகை பேசுவது வர்த்தகத் துறை.

ஒரு துறை வரைவு எழுதினால், சம்பந்தப்பட்ட மற்றத் துறைகளும் சட்டப் பிரிவும் கருத்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நாட்டுக்கு ஒருவராக உள்ள 27 ஆணையர்களிடம் போகும்.

எச்சம் பற்றிய செய்தி என்றால் பண்ணைக்காரர் குளத்தைப் பார்ப்பார், வரி என்றால் ஏற்றுமதியாளர் கணக்கைப் பார்ப்பார். துறையின் பெயர் இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து பதறுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி