டிஎன்எஸ் பரவுவதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். நிறுவன மெயிலை வெளி சர்வருக்கு மாற்றுவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, எம்எக்ஸ் ரெக்கார்டை (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றிவிட்டு, டிஎன்எஸ் (டொமைன் பெயருக்குரிய முகவரி விவரங்களைத் தரும் அமைப்பு) உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. மெயில் தொலைவதே இந்த யோசனையால்தான்.

டிஎன்எஸ் எங்கும் பரவுவதில்லை. உங்கள் டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரில் எழுதியதை யாரும் யாருக்கும் அனுப்பிவைப்பதில்லை. ஏற்கெனவே கேட்டுப்போன ரிசால்வர் (பயனருக்காக டிஎன்எஸ் விவரத்தைத் தேடித்தரும் சர்வர்), அந்தப் பதிலை டிடிஎல் (பதிலோடு வரும் ஆயுள், நொடிக் கணக்கில்) முடியும்வரை தன்னிடம் வைத்திருக்கும். முடிந்த பிறகு தேவைப்படும்போது மறுபடி வந்து கேட்கும். டிடிஎல் 86400 என்றால் ஒரு நாள், 3600 என்றால் ஒரு மணி நேரம், 300 என்றால் 5 நிமிடம். அந்த எண் டொமைன் வைத்திருப்பவர் கையில்தான் இருக்கிறது. 48 மணி நேரக் கணக்கு, நேம்சர்வரையே மாற்றுபவர்களுக்கு உரியது: டாட் காம் பதிவகம் நேம்சர்வர் விவரத்தை 172800 நொடி டிடிஎல்லோடு தருகிறது. மெயிலை மட்டும் மாற்றுபவர் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். தொட்டால் வெப்சைட்டின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டிலிருந்து எல்லாவற்றையும் புது இடத்தில் மறுபடி எழுத வேண்டிவரும்.

ஆகவே காத்திருப்பு மாற்றத்துக்கு முன்னால் வர வேண்டும். இப்போதைய டிடிஎல் 86400 என்றால், அதை 300 ஆகக் குறைத்துவிட்டு முழுதாக ஒரு நாள் விட வேண்டும். எம்எக்ஸை மாற்றும்போதே டிடிஎல்லையும் குறைப்பதில் பயனில்லை. பழைய பதிலை வாங்கிப்போனவர்கள் பழைய டிடிஎல்லையும் சேர்த்தே வாங்கிப்போயிருக்கிறார்கள்.

அந்த ஒரு நாளில் புது சர்வரில் எல்லா மெயில்பாக்ஸையும் உருவாக்கிவிடலாம். ஆட்களின் பெயரில் உள்ளவை எளிதில் நினைவுக்கு வரும். விடுபடுவது அலியாஸும் (ஒரு பெட்டிக்கான மாற்று முகவரி) ஃபார்வர்டும்தான் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது): இன்ஃபோ, அக்கவுண்ட்ஸ், சப்போர்ட் என்று யார் பெயரிலும் இல்லாத முகவரிகள். எம்எக்ஸ் புது சர்வருக்குத் திரும்பிய பிறகு அவற்றுக்கு வரும் மெயிலை புது சர்வர் 550 என்று சொல்லித் திருப்பும். 5ல் தொடங்கும் பதில் நிரந்தர மறுப்பு. அனுப்பிய சர்வர் மறுபடி முயலாது. சர்வர் அணைந்தே கிடந்தாலும் இதைவிடப் பரவாயில்லை. தொடர்பு கிடைக்காத மெயிலை அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்து, வழக்கமாக 4, 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

எம்எக்ஸ் ரெக்கார்டில் வர வேண்டியது ஒரு ஹோஸ்ட் பெயர். ஐபி எண் எழுதக்கூடாது. அந்தப் பெயர் சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டும் பதிவு) ஆகவும் இருக்கக்கூடாது. அதற்கு நேரடியாக ஏ அல்லது குவாட் ஏ (ஐபிவி6 எண்ணுக்கானது) ரெக்கார்டு வேண்டும். கடைசிப் புள்ளியும் முக்கியம். மெயில்.நிறுவனம்.காம் என்று புள்ளியில்லாமல் முடித்தால், சில பேனல்கள் (டிஎன்எஸ் பதிவுகளை எழுதும் பக்கங்கள்) அதன் வாலில் டொமைனை ஒட்டி மெயில்.நிறுவனம்.காம்.நிறுவனம்.காம் ஆக்கிவிடும். வேறு சில பேனல்களோ புள்ளி வைத்தாலே ஏற்காது. சேமித்தபின் வெளியிலிருந்து கேட்டுப் பார்ப்பதே வழி. மெயில் ஹோஸ்டின் ஏ ரெக்கார்டு கிளவுட்ஃப்ளேர் டிஎன்எஸ் சேவையில் இருந்தால், ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) இயங்குவதைக் காட்டும் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் ஆக்க வேண்டும். அந்த ப்ராக்ஸி வெப் போக்குவரத்துக்கானது, 25ஆம் போர்ட்டில் வரும் மெயிலைக் கடத்தாது.

பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பழைய எம்எக்ஸைப் பெரிய முன்னுரிமை எண்ணோடு விட்டுவைப்பது தவறு. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பது உண்மைதான். ஆனால் புது சர்வர் ஒரு நிமிடம் பதில் தராவிட்டாலும் மெயில் பழைய பெட்டியில் விழும். அங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. புது சேவை கொடுத்த வரியைத் தனி டிஎக்ஸ்டி (உரைப் பதிவு) ரெக்கார்டாகச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) ஆகும். பழைய வரிக்குள்ளேயே புதிய இன்க்ளூடைச் (வேறொருவரின் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளும் குறிப்பு) செருகி, மாற்றம் முடியும்வரை இரு சர்வர்களையும் வைத்திருங்கள். இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ் போன்றவை எல்லாம் சேர்த்து 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக்கூடாது. ஒரு இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் கணக்கில் வரும். ஐபி4 என்று எண்ணாகவே எழுதினால் கணக்கில் வராது.

டிகிம் (மெயிலில் இடும் மின்கையெழுத்து) சாவியில் தடுமாறுவது நீளத்தால். 2048 பிட் சாவி ஏறக்குறைய 400 எழுத்து வரும். டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் இடம். நல்ல பேனல் தானாகவே இரண்டாகப் பிரிக்கும். மற்றவற்றில் மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாக நாமே எழுத வேண்டும். வாலை வெட்டிவிட்டுச் சேமித்துக்கொள்ளும் பேனலும் உண்டு. ரெக்கார்டு இருப்பதாகத் தெரியும், கையெழுத்து மட்டும் தேறாது. ஏற்கெனவே டிமார்க்கில் (இந்த இரண்டு சோதனையிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) ரிஜெக்ட் போட்டிருப்பவர்கள் இந்தச் சாவியைச் சோதித்துத் தேறும்வரை புது சர்வரிலிருந்து ஒரு மெயில்கூட அனுப்பக்கூடாது. எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று நம்ப முடியாது: பல சேவைகள் ரிட்டர்ன் பாத்தில் (திரும்பும் மெயில் போகும் முகவரி) தங்கள் டொமைனைப் போடுவதால் எஸ்பிஎஃப் தேறினாலும் உங்கள் டொமைனோடு பொருந்தாது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோரிடம் ஜிமெயில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது.

சொந்த சர்வர் வைப்பவர்களுக்கு பிடிஆர் ரெக்கார்டும் (ஐபி எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் பதிவு) வேண்டும். அது உங்கள் டொமைன் பேனலில் இருக்காது, ஐபி கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும், வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து மட்டும் மெயில் வராமல் போகும். வெளியிலிருந்து அனுப்பினால் வருகிறது, படிவத்தில் எழுதினால் கிணற்றில் போட்ட கல். காரணம், வெப்சைட் இன்னும் பழைய ஹோஸ்டிங்கில் இருக்கிறது. அந்த சர்வர் 'இந்த டொமைன் என்னுடையது' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. எம்எக்ஸைக் கேட்காமலே பழைய பெட்டியில் போட்டுவிடும். பவுன்ஸ் (திரும்பி வரும் மெயில்) வராது, பிழைச் செய்தியும் வராது. அதே ஷேர்டு சர்வரில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயிலுக்கும் இதே கதிதான். பழைய ஹோஸ்டிங்கின் சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் பகுதிக்குப் போய் ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர் என்று மாற்றினால் தீர்ந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாற்றியதைச் சோதிக்க முதலில் சொந்த நேம்சர்வரையே கேளுங்கள், பிறகு 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்களை. நேம்சர்வர் சொல்லும் டிடிஎல் எப்போதும் நீங்கள் எழுதிய அதே முழு அளவு. ரிசால்வரின் பதிலில் முதலில் 212, சற்றுக் கழித்து 197 என்று எண் இறங்கிக்கொண்டிருந்தால் அது சேமித்து வைத்த பதில். அது பழைய பதிலாகவே இருந்தாலும் இன்னும் 197 நொடியில் காலாவதியாகிவிடும்.

எம்எக்ஸ் திரும்பிய பிறகு ஐமேப்சிங்க் (இரு பெட்டிகளுக்கிடையே மெயிலை நகலெடுக்கும் கருவி) ஒருமுறை ஓட்டினால் இடைவெளியில் பழைய பெட்டியில் விழுந்தவை வந்து சேரும். அவுட்லுக் தன் சர்வரைக் கண்டுபிடிக்கப் பயன்படும் ஆட்டோடிஸ்கவர் ரெக்கார்டு இன்னும் பழைய சர்வரைக் காட்டினால் அவுட்லுக் ஓயாமல் பாஸ்வேர்டு கேட்கும், அதையும் திருப்புங்கள். ஒரு வாரம் போன பின் பழைய சர்வரை எஸ்பிஎஃபிலிருந்து எடுத்துவிட்டு, டிடிஎல்லை 3600க்கு ஏற்றிவிடலாம். 48 மணி நேர வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்பில் உள்ள வாசகர்