ஆழம் வேறு, சிக்கல் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேரரசுகளை ஆளும் கணினி வியூக விளையாட்டுகளில் பொத்தான்களும் அட்டவணைகளும் மிகுந்திருப்பதையே ஆழம் என்று எங்கள் இளைஞர்கள் பலர் கருதுகின்றனர், அது சரியன்று. விதிகள் பெருகினால் சிக்கல் பெருகும். ஒரு முடிவு அதன்பின் வரும் எத்தனை முடிவுகளை மாற்றுகிறது என்பதே ஆழம். கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் 'கோ' என்ற பலகையாட்டத்தின் விதிகளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். ஆயினும் 361 வெட்டுப்புள்ளிகள் கொண்ட அதன் பலகையை முற்றாக அறிந்தவர் எவருமில்லை.

2013இல் வெளிவந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' என்ற பேரரசு விளையாட்டு ஆழம், சிக்கல் இரண்டுக்குமே சான்று. நிர்வாகத் தொழில்நுட்பத்தை உயர்த்தவும், வென்ற மாகாணத்தை நிலையாகத் தனதாக்கவும், நாட்டின் குலைந்த உறுதிநிலையை மீட்கவும் நிர்வாகப் புள்ளி என்ற ஒரே சேமிப்பிலிருந்தே எடுக்கவேண்டியிருப்பதால், ஒன்றுக்குச் செலவிட்டால் மற்றது பிந்தும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கணக்கிடும் எங்கள் விவசாயிக்கு இந்த நெருக்கடியை எவரும் விளக்கத் தேவையில்லை. (ஒரே ஒரு எண்தான், ஒரு போகமே அதற்குள் அடங்கிக் கிடக்கிறது.) மாறாக, அவ்விளையாட்டுக்குப் பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த விரிவாக்கங்கள் (கூடுதல் பகுதிகள்) சேர்த்த பொத்தான்களுட் சிலவற்றை, நேரம் வந்ததும் அழுத்துவதைத் தவிர ஆட்டக்காரர் சிந்திக்க எதுவுமில்லை.

சிக்கல் முழுவதும் வீண் என்று நான் வாதிடவில்லை. வரலாற்றின் நெரிசலை உணர்த்த ஓரளவு வேண்டும். ஆனால், விளையாட்டு வடிவமைக்க முயலும் வன்னி மாணவர்கள் புதிய விதியொன்றைச் சேர்க்குமுன், ஏற்கெனவே உள்ள எந்த முடிவை அது கடினமாக்குகிறது என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.