நம் பெயரில் பிடியாணை உண்டா என்று எங்கே கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொலிஸாரின் விசேட சுற்றிவளைப்புகள் பற்றிய செய்திகளைத் தங்கள் பத்திரிகை வெளியிடும்போது, போதைப்பொருளுடன் பிடிபட்டவர்கள், மதுபோதையில் வாகனம் செலுத்தியவர்கள் என்ற வரிசையில் திறந்த பிடியாணை (திகதி வரையறையின்றி ஒருவரைக் கைது செய்ய நீதிமன்றம் இடும் கட்டளை) பிறப்பிக்கப்பட்டிருந்தவர்கள் என்று ஒரு தொகையும் தவறாமல் இடம்பெறுகிறது. அந்தத் தொகைக்குள் வேண்டுமென்றே தலைமறைவாகத் திரிந்தவர்கள் இருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம் பெயரில் பிடியாணை இருப்பதையே அறியாமல் அன்றாடம் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்களும் அதே தொகைக்குள்தான் அடங்குகிறார்கள். மலையகத் தோட்டங்களில் என் கண்ணில் அதிகம் படுபவர்கள் இந்த இரண்டாவது வகையினரே.

பிடியாணை பிறப்பதற்குப் பெரிய குற்றம் எதுவும் தேவையில்லை. தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வழக்கு, லயத்துச் (தோட்டத்து வரிசை வீடுகள்) சண்டையில் தொடுக்கப்பட்ட வழக்கு, தாபரிப்புப் பணம் கட்டத் தவறிய விடயம் என எதுவானாலும், தவணைக்கு வராதவருக்கு எதிராக நீதவான் பிடியாணை பிறப்பிக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி அது நிறைவேற்றப்படும் வரையிலோ நீதிமன்றத்தால் நீக்கப்படும் வரையிலோ வலுவில் இருக்கும். ஐந்து வருடம் போனால் தானாகக் கழிந்துவிடும் என்று தோட்டத்தில் பலர் நம்பிக்கொண்டிருப்பது வெறும் நம்பிக்கைதான்.

தவணை தவறுவதற்கான காரணங்களும் நமக்குத் தெரியாதவை அல்ல. அழைப்பாணையில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் லய இலக்கமும் இருக்கும். அதற்குரியவரோ கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் நின்றுகொண்டிருப்பார். தபாலில் வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வீட்டுக்கு வந்து சேரும். (தோட்டப்புறத் தபால் விநியோகம் தனிக் கடிதம் எழுத வேண்டிய விடயம் என்பதால் இங்கே அதை விரிக்கவில்லை.)

கொட்டகலைப் பக்கத்து இளைஞர் ஒருவருக்குக் கொழும்பிலே வாகனப் போக்குவரத்து வழக்கொன்று இருந்தது. முதல் தவணைக்குச் சென்றார், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது, அடுத்த தவணைத் திகதியைச் சிங்களத்தில் எழுதிய சிறு துண்டொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், தாயாரின் சுகவீனத்தோடு அதை மறந்துவிட்டார். வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்து, பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பித்த பின்னரே தம் பெயரில் பிடியாணை இருப்பதை அறிந்தார். பிறகு நடந்ததைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். சட்டத்தரணி ஒருவர் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் செய்யும் வேண்டுகோள்) தாக்கல் செய்து வழக்கை அழைப்பித்தார். இளைஞர் தாமாகவே நீதவான் முன்னிலையில் ஆஜரானார். பிடியாணை மீளப்பெறப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதோடு வழக்கும் முடிந்தது. தீர்ப்பதற்கு இவ்வளவு எளிதான ஒரு விடயம், தெரியாமல் கிடந்த காரணத்தால் அந்த வேலை கைநழுவிப் போனது.

அப்படியானால் முன்கூட்டியே கேட்டறிய வழி என்ன? பொலிஸ் நிலையத்தில் கேட்கலாம் என்று சொல்வது சுலபம். பிடியாணை இருப்பது தெரிந்தால் கேட்க வந்தவரைக் கைது செய்வது பொலிஸாரின் கடமை. ஆகவே விசாரிக்கப் போகிறவர் வீடு திரும்புவாரா என்பதே நிச்சயமில்லை. எஞ்சியிருப்பது நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம். வழக்கு இலக்கமோ, பொலிஸார் முதலில் தாக்கல் செய்த அறிக்கையின் 'பீ' இலக்கமோ கையில் இருந்தால் அங்கே வழக்கேட்டைத் தேடுவது கடினமல்ல. அந்த இலக்கத்தை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் இருப்பவர் ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்கு ஒரு நாட்சம்பளத்தை இழந்து வந்துசேர வேண்டும்; வழக்கு கொழும்பில் என்றால் பிடியாணையைப் பிறப்பித்த அந்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும். இந்த இடைவெளியில்தான் நீதிமன்ற வாசலில் நிற்கும் தரகர்கள் பிழைக்கிறார்கள். 'பெயரை வெட்டிவிடுகிறேன்' என்று பணம் வாங்குகிறவருக்கு எந்தப் பெயரையும் வெட்டும் அதிகாரம் கிடையாது.

பெயர் என்றதும் இன்னொரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் மக்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. ஒரே தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு பெ. சிவகுமாரும் கீழ்ப்பிரிவில் இன்னொரு பெ. சிவகுமாரும் இருப்பது அதிசயமில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் வேறு மாதிரியும், பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதியவரின் காதில் விழுந்த மாதிரியும் பதியப்பட்ட பெயரை வைத்து ஆளைத் தேடினால், தேடப்படுபவர் தப்புவார், தேடப்படாதவர் அகப்படுவார். கைது செய்யப்படுபவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை கூறுகிறது; பிடியாணையைக் காட்டும்படி கேட்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. அதில் தந்தையின் பெயரையும் முகவரியையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் இருக்கிறது, வாசிக்கத் தெரியாது என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

வடக்கு, கிழக்கு தவிர்ந்த இடங்களில் நீதிமன்றப் பதிவேடுகள் சிங்களத்தில் இருப்பது அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படிதான். ஆனால் தமிழ் பேசுபவர் தமிழில் வழக்காடவும் மொழிபெயர்ப்பைப் பெறவும் அதே உறுப்புரை இடமளிக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. பிரதேச செயலகத்தில் தமிழில் கேட்க முடிகிற ஒருவர், பக்கத்திலிருக்கும் நீதிமன்றக் கருமபீடத்தில் ஊமையாக நிற்க வேண்டியிருப்பது பொருத்தமாக இல்லை.

சில நாடுகளில் உள்ளதுபோல் பிடியாணைகளையும் குற்றப் பதிவுகளையும் இணையத்தில் எல்லோரும் தேடும்படி போட்டுவிட்டால் என்ன என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழ்கிறது. பெண் பார்க்க வருகிறவரும் சீட்டுப் பிடிக்கிறவரும் பழைய பகைக்காரரும் கைத்தொலைபேசியில் பெயரைத் தட்டிப் பார்த்தால், அந்தப் பெயரில் உள்ள மற்ற நாலு பேரின் மானமும் சேர்ந்தே போகும். மேலும் பிடியாணை வேறு, குற்றத் தீர்ப்பு வேறு. குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளியே என்பதைத் தொழில் கொடுப்பவர்களே மறந்துவிடுகிறார்கள். நிலுவையிலுள்ள வழக்கொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டாலே 'கேஸ்காரன்' என்று கதவை மூடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் பிறரின் தனிப்பட்ட விபரங்களை விதிவிலக்காக வைத்திருப்பது காரணத்தோடுதான்.

நான் கேட்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கேட்டறியும் வசதியை மட்டுமே. நீதி அமைச்சும் நீதிச்சேவை ஆணைக்குழுவும் முதலில் அழைப்பாணையிலும் பிடியாணையிலும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும். 2016க்கு முன் பெற்ற பழைய இலக்கமும் இப்போதைய பன்னிரண்டு இலக்க எண்ணும் ஒரே ஆளுக்கு இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பதிய வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை போன்ற நீதவான் நீதிமன்றங்களில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர், அடையாள அட்டையைப் பார்த்து, எந்த நீதிமன்றத்தில் எந்த இலக்க வழக்கு, அடுத்த தவணை எப்போது என்று தமிழில் எழுதிக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். அந்தத் துண்டுடன் தாமாக முன்வந்து ஆஜராகுபவரைத் தேடிப் பிடிக்கப்பட்டவரைப் போல் நடத்தாதிருக்கவும் ஒரு சுற்றறிக்கை உதவும்.

அதுவரை, முடிவு தெரியாத பழைய வழக்குள்ளவர்களும், பிறருக்காகப் பிணை நின்று பின்னர் விசாரிக்காமல் விட்டவர்களும் தரகரை நாடாமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுவது நல்லது. வசதியற்றவர்களுக்காகவே அது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. போகும்போது பழைய பிணைப் பத்திரம், தண்டப்பணப் பற்றுச்சீட்டு, தவணைத் துண்டு எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். அதில் எங்காவது ஒரு மூலையில் வழக்கு இலக்கம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.